வீண் அசைவு

மேகலா தலையைத் திருப்பாமல் வேலை செய்யும்படி பார்த்துக்கொண்டதுதான் பெனிட்டா செய்த முதல் சீர்திருத்தம். அதற்காக ஆலை மேலாளர் யுவராஜ் அவளுக்குச் சூடாகப் போண்டா வாங்கிக் கொடுத்தார்.

நாமக்கல்லை ஒட்டிய அந்த ஆலையில் முட்டைகளைத் தரம் பிரிக்கிறார்கள். பண்ணைகளிலிருந்து வரும் முட்டைகளைக் கேமரா ஒவ்வொன்றாகப் பார்த்து நல்லதைப் பெட்டிக்கும் கெட்டதைத் தொட்டிக்கும் அனுப்பிவிடும். கேமராக்களுக்கு இந்தக் காலத்தில் எவ்வளவோ புத்தி வந்துவிட்டது. ஆனாலும் ஓட்டின் மேல் தெரிவது கீறலா கறையா என்று சில முட்டைகளில் குழம்பிப் போகும். அந்த மாதிரி முட்டைகளுக்கு ஆலையில் 'சந்தேக முட்டை' என்று பெயர். அவை நான்கு பெண்களிடம் வரும். அவர்கள் அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகையில் முட்டைகளைப் பரப்பிப் பார்ப்பார்கள். அப்போதும் சந்தேகம் என்றால் இன்னொரு முட்டையால் லேசாகத் தட்டி ஓசை கேட்பார்கள். நால்வரில் மேகலாவின் கணிப்புக்குத்தான் மதிப்பு அதிகம். ஐம்பதை நெருங்கும் வயது, கலகலப்பான சுபாவம், யார் வந்தாலும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்காமல் விடமாட்டார்.

பெனிட்டா தூத்துக்குடிக்காரி. செயல்முறை ஆய்வு படிக்கிறாள். ஒரு நிறுவனத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று படிப்படியாகப் பார்த்து, வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைக் களைவதுதான் அந்தப் படிப்பு. போகிற இடத்தில் எல்லாம் 'இதை எதுக்குச் செய்றீங்க?' என்று கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். பெரும்பாலும் 'எப்பவும் அப்படித்தான்' என்று பதில் வரும். அந்தப் பதில் வந்தால் ஆய்வாளருக்குக் கொண்டாட்டம். தேவையான படிக்குப் பச்சை, தவிர்க்க முடியாததற்கு மஞ்சள், வீணுக்குச் சிவப்பு என்று மூன்று நிறங்கள் கொடுத்திருந்தார்கள். புதிதாகப் படிக்க வந்தவர்கள் கையில் சிவப்பு கிடைத்தால் சும்மா இருக்க மாட்டார்கள்.

ஆலையின் வீடியோவில் பெனிட்டா கண்டது இது: ஒவ்வொரு ட்ரே வரும்போதும் மேகலாவின் தலை ஒருமுறை இடப்பக்கம் திரும்பியது. நிறுத்தத்தில் நிற்பவர்கள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. மற்ற மூன்று பெண்களும் அப்படிச் செய்யவில்லை. ஏனென்று கேட்டதற்கு மேகலா சிரித்துவிட்டார்.

"நான் திருப்பறனுங்களா? எனக்கே தெரியாதுங்கம்மணி."

காரணமில்லாத அசைவு என்றால் வீண் அசைவு. பெனிட்டா சிவப்புப் புள்ளி வைத்தாள். கோணலாக இருந்த கண்ணாடிப் பலகையை நேராகத் திருப்பினாள். தலை சாயாதபடி இரண்டு பக்கமும் அணை வைத்த உயரமான நாற்காலி ஒன்றைத் தருவித்தாள். வேலை சட்டென்று வேகம் பிடித்தது. பல காலமாக இருந்த கழுத்து வலி போய்விட்டது என்று மேகலா எல்லாரிடமும் சொன்னார். போண்டா வந்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் கீறல் முட்டைகள் வெளியே போக ஆரம்பித்தன.

ஒரு பள்ளிக்கூடச் சமையல்கூடத்திலிருந்து ட்ரேக்கள் நாற்றத்தோடு திரும்பி வந்தன. யுவராஜ் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு அவற்றை மேசையில் அடுக்கி வைத்திருந்தார். எல்லாமே மேகலா பார்த்து அனுப்பியவை. எல்லாவற்றிலும் இடது ஓரத்தில் இருந்த முட்டைகள்தான் கெட்டிருந்தன.

"பாருங்கம்மணி, எனக்கும் சங்கடமாத்தான் இருக்குது. இந்த ஆலை ஆரம்பிச்ச நாள்ல இருந்து இருக்கறவங்க," என்றார் யுவராஜ். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். சரிப்படலீன்னா அந்த சீட்டுக்கு இன்னொரு கேமரா வெச்சுட்டு, அவங்களை வீட்ல ரெஸ்ட் எடுக்கச் சொல்லிரலாம்."

"வேலையில கவனம் இல்லாதவங்க இல்ல சார் அவங்க."

"நானும் அதைத்தானுங்க சொல்றேன். வயசாயிருச்சோ என்னமோ."

பெனிட்டாவுக்குக் குற்ற உணர்ச்சி குடைந்தது. நாற்காலி வந்த பிறகுதான் இதெல்லாம் என்பது கணக்குப் போடாமலே தெரிந்தது. ஆனால் எப்படி என்று விளங்கவில்லை. பயிற்சியை நடத்தும் ஹசீனாவுக்குப் போன் போட்டாள். ஹசீனா ஆம்பூர்க்காரர். முப்பது வயசுதான் இருக்கும். பாராட்டினால் பாவம் வந்து சேரும் என்று நினைப்பவர்.

"வீடியோவைத் திரும்பத் திரும்பப் பாத்துட்டேன் மேடம். ஒண்ணும் தெரிய மாட்டேங்கு."

"வெளியில இருந்து பாத்தா எப்படித் தெரியும்? குல்லா போடு."

குல்லாவைப் பற்றிப் பாடத்தில் படித்திருந்தாள். போட்டுப் பார்த்ததில்லை. அதற்குப் பணிப்பதிவுக் கருவி என்று கௌரவமான பெயர் உண்டு. பார்வைக்கு மெல்லிய குல்லா. தொழிலாளி சம்மதித்து ஒரு ஷிப்டு முழுக்க அதைப் போட்டுக்கொண்டால் அவர் உடம்பு உணர்ந்தது எல்லாம் அதில் பதிவாகும். பிறகு ஆய்வாளர் அதைப் போட்டுக்கொண்டால் அதே ஷிப்டை, சலிப்பான இடங்களைத் தாண்டித் தாண்டி, தானே செய்த மாதிரி அனுபவிக்கலாம்.

"அவங்க மனசுல நினைக்கதும் வருமா மேடம்?"

"வராது. கண்ணு பாத்தது, காது கேட்டது, கை தொட்டது, முதுகு வலிச்சது, அவ்வளவுதான். ஒண்ணு நல்லாக் கேட்டுக்கோ. பல வருஷமா உடம்புல இருக்கற கோளாறு சொந்தக்காரங்களுக்குப் பழகிப் போயிருக்கும். மூளை அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. உன் மூளைக்கு அது புதுசு. அதனால அவங்களுக்கே தெரியாதது உனக்குத் தெரியும். குல்லாவால லாபமும் அதுதான், ஆபத்தும் அதுதான்."

"ஆபத்தா?"

"உடம்பைப் பத்தி என்ன தெரிஞ்சாலும் யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது. முதலாளிகிட்ட கூடாது. என்கிட்ட கூடாது. அவங்ககிட்டயே கூடாது."

"அவங்க உடம்பப் பத்தி அவங்ககிட்டயே சொல்லக் கூடாதுன்னா என்ன மேடம் நியாயம்?"

ஹசீனா பெருமூச்சு விட்டார். இந்தக் கேள்வியைப் பயிற்சிக்கு வருகிற எல்லாரும் கேட்பார்கள் போலிருக்கிறது.

"குல்லா வந்த புதுசுல ஒரு கம்பெனியில, மாசமா இருக்கற பொண்ணுங்களை அவங்களுக்கே தெரியறதுக்கு முன்னால கண்டுபிடிச்சு வேலையை விட்டு அனுப்பினாங்க. இன்னொரு இடத்துல ஒரு ஆய்வாளன், நல்ல எண்ணத்துலதான், ஒருத்தர்கிட்டப் போய் உங்க ஈரல் போச்சுன்னு சொல்லிட்டான். அந்த ஆள் பயத்துலயே சோறு தண்ணி இல்லாம படுத்துட்டார். கடைசியில பாத்தா ஈரலுக்கு ஒண்ணுமே இல்ல. நாம டாக்டர் இல்ல பெனிட்டா. அதனாலதான் சட்டம் போட்டாங்க. மீறினா படிப்பு போறது மட்டும் இல்ல, ஜெயிலும் உண்டு."

அது நல்ல சட்டம்தான் என்று பெனிட்டாவுக்குப் பட்டது. அன்றைக்கு அப்படித்தான் பட்டது.

மேகலா தயக்கமில்லாமல் குல்லாவைப் போட்டுக்கொண்டார். "என்னத்தைங்க பாக்கப் போறீங்க? முட்டை முட்டையா வந்துட்டே இருக்கும்," என்றார்.

மறுநாள் காலை, ஆலையின் சின்ன அறை ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு பெனிட்டா அந்த நாளுக்குள் போனாள். முதலில் கனம் தெரிந்தது. இன்னொருவரின் இடுப்பு, இன்னொருவரின் முழங்கால், மோதிரம் இறுக்கும் விரல். பிறகு கைகளின் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. ஒரு முட்டையை எடுத்ததுமே அதன் எடையிலும் சொரசொரப்பிலும் ஏதோ ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. அது பெனிட்டாவுக்குப் பிடித்திருந்தது. இந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்களே என்று கோபம்கூட வந்தது.

அப்புறம்தான் அந்த முட்டை வந்தது. இல்லாத இடத்திலிருந்து வந்தது.

பலகையின் இடது ஓரத்தில் எதுவும் இல்லை. கையை நீட்டியபோது அங்கே முட்டை இருந்தது. குல்லாவில் கோளாறு என்று முதலில் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் 'அக்கா, டீ' என்று குரல் கேட்டது. மேகலாவின் உடம்பு முழுக்கத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் ஒரு டம்ளர் தோன்றியது, பிறகு அதைப் பிடித்த கை, கடைசியில்தான் டீ கொடுக்கும் பெண்ணின் முகம். அதுவரை அவள் பக்கத்தில் நின்றிருந்தது தெரியவே இல்லை.

அங்கே இருட்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். இது இருட்டும் இல்லை. உன் பிடரிக்குப் பின்னால் என்ன நிறம் தெரிகிறது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வோம்? அந்த மாதிரி, ஒன்றுமே இல்லை. மேகலாவின் இரண்டு கண்களிலும் இடப்பக்கத்தில் ஒரு துண்டு உலகம் காணாமல் போயிருந்தது. அது போனது அவருக்கே தெரியாது.

அதைவிட மோசமான ஒன்றும் தெரிந்தது. ஒவ்வொரு ட்ரே வரும்போதும் கழுத்து இடப்பக்கம் திரும்பப் பார்த்தது. நாற்காலியின் அணை தடுத்தது. திரும்பப் பார்த்தது, தடுத்தது. மேகலாவின் உடம்பு அவரைக் கேட்காமலே கண்டுபிடித்து வைத்திருந்த வழியைத்தான் பெனிட்டா சிவப்புப் புள்ளி வைத்து அடைத்திருந்தாள்.

குல்லாவைக் கழற்றினாள். தண்ணீர் குடித்துவிட்டு இந்த மாதிரிப் பார்வை எதனால் வரும் என்று தேடிப் படித்தாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்னும் நோய் ஒன்று இருந்தது. வலிக்காது. ஓரத்தில் ஆரம்பிக்கும். நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும் என்பதால் யாரும் டாக்டரிடம் போக மாட்டார்கள். போன பார்வை போனதுதான், திரும்பாது. ஆனால் மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிவிடலாம், சீக்கிரம் போனால்.

அன்று மாலையே நாற்காலியை எடுக்கச் சொன்னாள். பலகையைப் பழையபடி கோணலாகத் திருப்பினாள்.

"எதுக்கு வெச்சீங்க, எதுக்கு எடுக்கறீங்க?" என்றார் யுவராஜ்.

"என் தப்பு சார். அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

மேகலாவின் தலை மறுபடி ட்ரேக்கு ஒருமுறை திரும்பத் தொடங்கியது. கீறல் முட்டைகள் நின்றுவிட்டன. இரண்டாவது கேமரா பேச்சை யுவராஜ் விட்டுவிட்டார். தவறைத் தானே கண்டுபிடித்துத் தானே திருத்தினாள் என்று அறிக்கை எழுதினால் பெனிட்டாவுக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தைத்தான் பெனிட்டாவால் தாங்க முடியவில்லை. மேகலா சிரித்துக்கொண்டே குருடாகிக்கொண்டிருந்தார். தலை திருப்பலும் கொஞ்ச காலத்துக்குத்தான் உதவும். அப்புறம் திருப்பிப் பார்க்கவும் ஒன்றும் மிஞ்சாது. இது தெரிந்த ஒரே ஆள் அவள்தான், அவள் வாயைச் சட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. மேகலா வழக்கம்போல, "சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டபோது ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது.

ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"அக்கா, கண் டாக்டர்கிட்ட எல்லாம் போயிருக்கீங்களா?"

"எனக்கெதுக்குங்க? இப்பவும் கண்ணாடி போடாம ஊசியில நூல் கோத்துருவேன். வேணும்னா பாருங்க."

"சும்மா ஒரு தடவை பாத்துக்கிட்டா நல்லதுதான?"

மேகலாவின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மணி, நான் கண்ணு டாக்டர்கிட்டப் போனேன்னு தெரிஞ்சா யுவராஜ் தம்பி என்ன நெனைக்கும்? முட்டை திரும்பி வந்தது இப்பத்தான் ஆறியிருக்குது. இந்தப் பேச்சே வேண்டாமுங்க."

அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் அது சட்டமீறல். பெனிட்டா ஹசீனாவுக்குப் போன் செய்தாள்.

"மேடம், குல்லாவுல ஒருத்தருக்கு..."

"நிறுத்து."

பெனிட்டா சொல்ல வந்ததை விழுங்கினாள்.

"இப்ப நீ சொன்னதே பாதித் தப்பு. நான் கேக்கல," என்றார் ஹசீனா. அழைப்பைத் துண்டிப்பார் என்று பெனிட்டா எதிர்பார்த்தாள். அவர் துண்டிக்கவில்லை. "உன்னை டாக்டர் வேலை பாக்கச் சொல்லல. கருணை காட்டவும் சொல்லல. நீ அங்க என்ன படிக்கப் போயிருக்க?"

"செயல்முறை ஆய்வு."

"அப்ப அதைப் படி."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மனுஷிக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, இந்த அம்மா பாடம் நடத்துகிறார். ஆனாலும் வேறு வழி தெரியாததால் மறுநாள் காலையில் வரிசையின் முதல் படியிலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்கினாள். லாரி வந்தது. முட்டை இறங்கியது. கேமரா கம்பெனியின் ஆள் வந்திருந்தார். வரிசை ஓட ஆரம்பிக்கும் முன் லென்ஸைத் துடைத்து, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட ஓர் அட்டையை அதற்கு முன்னால் காட்டி, மூலை முடுக்கெல்லாம் சரியாகத் தெரிகிறதா என்று சோதித்தார். அவர் அடிக்கடி வந்துபோகிறவர். ஆலையில் யாரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பெனிட்டா பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நேராக யுவராஜின் அறைக்குப் போனாள்.

"சார், இந்த வரிசையில முட்டையப் பாக்குத கருவி மொத்தம் எத்தன?"

"ஒண்ணுதானுங்க. கேமரா."

"நாலு பேர் உக்காந்து பாக்காங்கல்ல? கேமராவால முடியாததத்தான அவங்க பாக்காங்க. கேமராவுக்கு ஓரம் தெரியுதான்னு அட்டை காட்டிப் பாக்கீங்க. இவங்களுக்கு யாரு பாக்கா?"

யுவராஜ் நாற்காலியில் சாய்ந்தார். "அம்மணி, நீங்க இங்க வேலையைக் குறைக்க வந்தீங்களா, கூட்ட வந்தீங்களா?"

"கூட்டத்தான் சொல்லுதேன். ஒரு படி கூடுது. முட்டையப் பாக்குத எல்லாக் கண்ணையும் வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் சோதிக்கணும். நீங்களும்தான் சார். பெட்டி மூடுறதுக்கு முன்னாடி நீங்க எடுத்துப் பாக்கீங்கல்ல?"

"நானுமா?"

"எல்லாரும்னா எல்லாரும்தான்."

யுவராஜ் துண்டால் மூக்கைத் தடவிக்கொண்டார். திரும்பி வந்த ட்ரேக்களின் நாற்றம் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "சரி, அந்த ரிசல்ட்டை என் டேபிளுக்கு அனுப்பிருங்க."

"அது முடியாது சார்."

இதைத்தான் இரவெல்லாம் யோசித்திருந்தாள் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குத் தோன்றியது. முடிவு மேலாளருக்குப் போகும் என்று தெரிந்தால் மேகலா அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டார்.

"முடிவு அவங்கவங்க கைக்குத்தான் போகணும். உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் வரும், யாருக்குப் பலகைய எந்தக் கோணத்துல வைக்கணும்னு. நாலு பேருக்கும் நாலு கோணம் வரும். யாரையும் வேலைய விட்டு எடுக்க இதக் காரணமாக் காட்ட மாட்டோம்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். இல்லன்னா யாரும் உண்மையச் சொல்ல மாட்டாங்க, சோதிக்கதும் தண்டம்."

"எழுதியும் குடுக்கோணுமா?" என்று யுவராஜ் முணுமுணுத்தார். ஆனால் கொடுத்தார். நல்ல மனிதர்தான், கேட்டால் செய்வார், தானாகத் தோன்றாது.

கண் மருத்துவமனைப் பஸ் ஒரு வியாழக்கிழமை காலை ஆலைக்கு வந்தது. கேண்டீனில் ஜன்னல்களைத் துணியால் மறைத்து இருட்டாக்கினார்கள். முதலில் யுவராஜ் உள்ளே போனார். இளக்காரமாகப் போனவர் மூக்குக்கண்ணாடி எழுதிக் கொடுத்த சீட்டோடு வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் அறைக்குப் போய்விட்டார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பாதிப் பயம் போய்விட்டது. ஒவ்வொருவராகப் போனார்கள், வந்தார்கள். கடைசியில் மேகலா போனார்.

மற்றவர்கள் வந்த நேரத்தில் அவர் வரவில்லை.

பெனிட்டா கதவுக்கு எதிரே நின்றாள். நிற்க வேண்டிய காரணம் அவளுக்கு எதுவும் இல்லை. கேட்கவும் கூடாது. தான் நினைத்தது தவறாக இருக்கட்டும், வெறும் குல்லாக் கோளாறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அடுத்த நிமிஷமே, சரியாக இருந்தால் டாக்டர் கண்டுபிடிக்காமல் விட்டுவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டாள். இரண்டையும் ஒரே மாதாவிடம்தான் வேண்டினாள்.

கதவு திறந்தது. மேகலா கையில் சின்ன மருந்துப் புட்டியோடு வந்தார். முகத்தில் அழுத தடம் இருந்தது. பெனிட்டாவைப் பார்த்ததும் நேராக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணி, என் கண்ணுல ஒரு பக்கம் போயிருச்சாமுங்க. எனக்கே தெரியாம. டாக்டரம்மா சோதிச்சுக் காட்டுனாங்க. அங்க ஒரு வெளக்கு எரிஞ்சுதாமா, நான் எரியலீங்கறேன்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "போனது போனதுதானாம். மீதி அப்படியே நிக்குமாம், தெனம் இந்தச் சொட்டை விட்டா. இன்னுங்கொஞ்ச நாளு போயிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னாங்க. நல்ல நேரத்துக்கு வந்தீங்கன்னாங்க."

சொந்தக்காரரே சொல்லிவிட்டார். இனி அது ரகசியம் இல்லை. பெனிட்டாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கேண்டீன் சுவரில் சாய்ந்து விசும்பி அழுதாள்.

"அட, சீக்கு எனக்குங்க. நீங்க எதுக்கு அழுவறீங்க?" என்று மேகலா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். அன்றைக்குப் பெனிட்டா கேண்டீனில் உட்கார்ந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

பயிற்சி முடியும் சமயத்தில் ஹசீனா தேர்வு நடத்த வந்தார். செயல்முறை ஆய்வுத் தேர்வில் வினாத்தாள் கிடையாது. பயிற்சி பெறுபவர்களும் ஏதோ ஒரு நாள் குல்லா போட்டுக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். எந்த நாள் என்பதைத் தேர்வாளர் முன்கூட்டியே குறித்துவிடுவார். பிறகு அதைப் போட்டுப் பார்த்து, இந்த ஆள் வேலையை எப்படிப் பார்க்கிறார், எங்கே கவனிக்கிறார் என்று மதிப்பெண் போடுவார். பெனிட்டாவுக்கு அமைந்தது கண் மருத்துவமனைப் பஸ் வந்த அந்த வியாழக்கிழமை.

யுவராஜின் அறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஹசீனா மேசையைப் பார்த்தபடியே பேசினார்.

"உன் வியாழக்கிழமையைப் போட்டுப் பாத்தேன்."

பெனிட்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேண்டீன் கதவுக்கு எதிரே அவள் நின்ற நிலையை ஹசீனா முழுசாக உணர்ந்திருப்பார். உள்ளே என்ன முடிவு வரப்போகிறது என்பது முன்னாலேயே தெரிந்த ஒருத்தியின் உடம்பு அது. குல்லாவில் கண்டதை வைத்துத்தான் இந்தப் படியைச் சேர்த்தாள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

"வெளியே நின்னப்போ உன் உடம்பு எப்படி இருந்ததுன்னு எனக்குத் தெரியும்," என்றார் ஹசீனா. "ஆனா அதைப் பத்தி நான் யார்கிட்டயும் பேசக் கூடாது. எழுதக் கூடாது. உன்கிட்டயே சொல்லக் கூடாது. சட்டம் எனக்கும்தானே?"

பெனிட்டாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாததால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வேலையைப் பத்தி மட்டும் கேக்கறேன். இந்தப் படியை எதுக்குச் சேர்த்த?"

"பாக்குத கருவி சரியா இருக்கான்னு பாக்கணும்ல மேடம்."

"சரியான காரணம்." ஹசீனா எழுதிக்கொண்டார். "முடிவு மேலாளருக்குப் போகாம வெச்சது நல்லா இருக்கு." அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி அவளை ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

சான்றிதழ் அடுத்த வாரம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஓர் அறிவிப்பு வந்தது. பயிற்சி முடித்த எல்லாரும் சான்றிதழ் வாங்கும் முன் ஒருமுறை இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முடிவு அவரவர் கைக்கு மட்டுமே வரும். பரிசோதனைக்குப் போய்வந்த விவரத்தை மட்டும் ஹசீனாவுக்குத் தெரிவித்தால் போதும்.

பயிற்சி பெறுபவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல். 'படியைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்துட்டு இவங்களே ஒண்ணைச் சேர்க்குறாங்க பாருங்க' என்று கரூரிலிருந்து ஒருவன் எழுதினான். 'சுத்த வீண் வேலை. சிவப்புப் புள்ளி வைங்கப்பா' என்று இன்னொருத்தி எழுதினாள். பெனிட்டாவும் சிரிக்கும் முகம் ஒன்றைப் போடப் போனாள். விரல் பாதியில் நின்றது.

ஹசீனா எல்லாருடைய நாளையும் போட்டுப் பார்த்திருக்கிறார். அவர்களில் யாரோ ஒருவரின் உடம்பில் அவருக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. சொந்தக்காரருக்குப் பழகிப் போன ஏதோ ஒன்று. யாருக்கு என்று அவரால் சொல்ல முடியாது.

'நாளைக்கே போயிருங்க எல்லாரும். தள்ளிப் போடாதீங்க' என்று மட்டும் எழுதினாள்.

மறுநாள் தூத்துக்குடியில், டாக்டர் அவள் நெஞ்சில் கருவியை வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வைத்த இடத்திலேயே வைத்து மறுபடி பார்த்தார். பெனிட்டா விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, பயம் வரவில்லை.

"இதயத்துல சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும்மா. பிறந்ததுல இருந்தே இருந்திருக்கும்," என்றார் டாக்டர். "மாடி ஏறினா மூச்சு வாங்குமே?"

"எல்லாருக்கும் வாங்குறதுதான டாக்டர்?"

"அந்த அளவுக்கு எல்லாருக்கும் வாங்காதும்மா. உனக்குப் பழகிப் போச்சு." டாக்டர் துணியால் கருவியைத் துடைத்தார். "தொடை வழியா ஒரு மூடி மாதிரி கொண்டுபோய் வெச்சு அடைச்சிரலாம். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்ல. ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம். நாப்பது வயசுல வந்து நின்னிருந்தா நான் இப்படிச் சிரிச்சிட்டுப் பேச மாட்டேன். யாரு உன்னை அனுப்பினது?"

"யாரும் தனியா அனுப்பல டாக்டர். எல்லாரையும் அனுப்பியிருக்காங்க."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். நன்றாக மூச்சை இழுத்து விட்டாள். இத்தனை நாளும் இது முழு மூச்சு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். இனிமேல்தான் தெரியும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஹசீனாவுக்குச் செய்தி அனுப்பினாள். முடிவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

'பரிசோதனைக்குப் போய்ட்டு வந்துட்டேன் மேடம்.'

அனுப்பிய வேகத்திலேயே பதில் வந்தது.

'அப்பாடா.'

அடுத்த நொடி அந்தச் செய்தி அழிக்கப்பட்டது. அதே இடத்தில், 'தகவல் பதிவு செய்யப்பட்டது. சான்றிதழ் வரும்' என்று வேறொன்று வந்தது. பெனிட்டா அதையும் படித்துவிட்டு, சரி மேடம் என்று பதில் போட்டாள்.